இதுல எது சார் கரெக்ட்?

வில்லியம் பெர்ரி தன் புத்தகத்தை ஒரு கற்பனை வகுப்பறையில் தொடங்குகிறார். பேராசிரியர் உள்ளே வந்து, இன்றைய பாடத்தை விளக்க மூன்று கோட்பாடுகள் இருக்கின்றன, மூன்றையும் பார்க்கலாம் என்கிறார். எதிரே மூன்று மாணவர்கள். முதலாமவன், ஒரு கேள்விக்கு ஒரு விடைதான், அது வாத்தியாருக்குத் தெரியும் என்று நம்புகிறவன். மூன்றில் எது சரி என்று இவர் எப்போது சொல்வார் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். இரண்டாமவனுக்கும் சரியான விடை ஒன்றுதான். ஆனால் அதை நாமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று வாத்தியார் கண்ணாமூச்சி ஆடுகிறார் என்பது அவன் எண்ணம். மூன்றாமவன், ஒவ்வொரு கோட்பாடும் எந்தச் சூழலில் எதை விளக்குகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று ஒப்பிட்டபடி கேட்கிறான்.

மூன்று பேரும் ஒரே பெஞ்சில் இருந்தாலும் கேட்டது ஒரே லெக்சர் இல்லை. முதலாமவன் வெளியே வந்து 'இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல' என்பான். மூன்றாமவன் 'செம கிளாஸ்' என்பான். ஃபீட்பேக் படிவத்தில் இருவரும் போடும் எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த ஆசிரியரின் தரம் வந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

1970இல் வெளியான இந்தப் புத்தகத்தின் பெயரைத் தமிழில் 'கல்லூரி ஆண்டுகளில் அறிவு, அற வளர்ச்சியின் வடிவங்கள்' என்று சொல்லலாம். துணைத்தலைப்பு, 'ஒரு வரைவு'. இதை நான் எடுத்தது வேலை நிமித்தம். எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கு வழிகாட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. படித்து முடித்தபோது வேலை மறந்துபோய், நான் படித்த நான்கு வருடங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அதைவிட, இணையத்தில் நாம் இலக்கியம் பேசும் விதமும் ஞாபகத்துக்கு வந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 'மாணவர் வளர்ச்சிக் கோட்பாடு' என்று ஒரு துறையே இருக்கிறது. ஹாஸ்டல் நிர்வாகத்துக்கு வருபவர்கூட அதில் முதுகலை முடித்திருக்க வாய்ப்புண்டு. சிக்கரிங், ஆஸ்டின், டின்டோ, பாக்ஸ்டர் மகோல்டா என்று ஒரு பெரும்படை. பெரும்பாலான நூல்கள் நிர்வாகக் கையேட்டு மொழியில் எழுதப்பட்டவை, இரண்டு பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். பெர்ரி விதிவிலக்கு. அவர் ஹார்வர்டில் மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் அலுவலகத்தின் தலைவராக இருந்தவர். 1950களின் நடுவில் தொடங்கி, அவரும் சகாக்களும் ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும் மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசவைத்து டேப்பில் பதிவு செய்தார்கள். முதல் சுற்றில் 31 மாணவர்கள், 98 உரையாடல்கள். அவர்களில் 17 பேர் நான்கு வருடமும் விடாமல் வந்து பேசியிருக்கிறார்கள். கேள்வித்தாள் கிடையாது. இந்த வருடத்தில் உனக்கு எது தனித்து நின்றது என்கிற தொனியில் ஒரு திறந்த கேள்வி, அவ்வளவுதான். மிச்சத்தை மாணவன் பார்த்துக்கொள்வான்.

புத்தகத்தின் சிறந்த பக்கங்கள் அந்தப் பேச்சுகள்தான். 'அது வந்து…', 'எப்படிச் சொல்றது…' என்று திக்குவதைக்கூட வெட்டாமல் போட்டிருக்கிறார்கள். முதல் வருடம் பேசிய அதே பையன் மூன்றாம் வருடம் பேசும்போது குரல் மாறியிருப்பது பக்கத்திலேயே கேட்கிறது. நல்ல நாவலில் ஒரு பாத்திரம் நமக்குத் தெரியாமல் வளர்ந்துவிடுமே, அந்த மாதிரி. நடுநடுவே பெர்ரி குறுக்கிட்டு 'இது நான்காம் நிலை' என்று முத்திரை குத்தும்போது எரிச்சலாக இருக்கிறது. கொஞ்சம் சும்மா இருங்க சார், அவன் பேசட்டும் என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் தொடங்கும்போது வளர்ச்சி என்ற எண்ணமே இல்லை. சில மாணவர்கள் விறைப்பானவர்கள், சிலர் நெகிழ்வானவர்கள், இது பிறவிக் குணம் மாதிரியான ஆளுமை வேறுபாடு என்றுதான் நினைத்தார்கள். போருக்குப் பிந்தைய அமெரிக்க உளவியலில் அது ஓங்கியிருந்த பார்வை. டேப்புகளைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. விறைப்பாக இருந்தவனே இரண்டு வருடத்தில் வேறு மாதிரிப் பேசினான். அதுவும் ஒரு வரிசைப்படி. ஆக, கேட்டதனால் பிறந்த கோட்பாடு இது. இந்த ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போகப்போகிறேன்.

பெர்ரி சொல்லும் நிலைகள் ஒன்பது. ஒன்பதையும் நம்பர் போட்டு எழுதினால் இது லோக்கல் ஆத்தர் கைடு ஆகிவிடும். சாரம் இதுதான். ஆரம்பத்தில் உலகம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது: சரி, தப்பு. நல்ல வாத்தியாருக்குச் சரி தெரியும். பிறகு, வாத்தியார்களே முரண்படுகிறார்கள் என்று தெரியவருகிறது. அதை முதலில் 'அந்த வாத்தியார் வேஸ்ட்' என்று சமாளிக்கலாம். அடுத்து, 'இன்னும் கண்டுபிடிக்கல, ஒருநாள் கண்டுபிடிச்சிருவாங்க' என்று சமாளிக்கலாம். சமாளிக்கவே முடியாதபோது ஒரு விடுதலை வருகிறது: யாருக்கும் தெரியாது, அதனால் எல்லோருடைய கருத்தும் சமம். இது நடுவழி. இங்கிருந்து நகர்ந்தால்தான் அடுத்த திருப்பம். கருத்துகள் சமம் கிடையாது, காரணத்தாலும் சான்றாலும் சூழலாலும் ஒன்று மற்றொன்றைவிட வலுவாக இருக்கலாம், ஆனால் எதற்கும் மேலிருந்து உத்தரவாதம் கிடையாது. கடைசி நிலைகளில், உத்தரவாதம் இல்லை என்று தெரிந்தே ஒன்றைத் தேர்ந்து அதன் பக்கம் நிற்பது. பெர்ரி அதைக் கடப்பாடு என்கிற பொருளில் சொல்கிறார்.

இணையத்தில் தமிழ் இலக்கியம் வாசிக்கத் தொடங்கிய எவருக்கும் இந்தப் பாதை புதிதல்ல. முதலில் ஒரு ஆசான் கிடைப்பார். அவர் போட்ட பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புத்தகக் கண்காட்சியில் ஸ்டால் ஸ்டாலாக அலைவோம். பட்டியலில் இல்லாதது இலக்கியமே இல்லை. ஆறு மாதத்தில் இன்னொரு மூத்த எழுத்தாளர், அந்தப் பட்டியலில் பாதி குப்பை என்று எழுதுவார். தூக்கம் போய்விடும். இதுல எது சார் கரெக்ட்? சிலர் ஒரு முகாமில் சேர்ந்துகொண்டு மறு முகாமைத் திட்டுவார்கள். பலர், 'அதெல்லாம் அவரவர் ரசனை ப்ரோ' என்ற நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த நாவல் எனக்குப் பெரிது, காரணம் இது, இந்த இடத்தில் இது சறுக்குகிறது, நீ மறுக்கலாம், மறுத்தாலும் நாளைக்கும் பேசுவோம் என்று சொல்லும் வாசகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் இலக்கியச் சண்டைகளில் முக்கால்வாசி முதல் நிலைக்காரருக்கும் நான்காம் நிலைக்காரருக்கும் நடப்பவை. இருவருக்கும் காரணம் கேட்கும் பழக்கம் இல்லை. ஒருவருக்கு ஆசான் போதும், இன்னொருவருக்கு ரசனை போதும்.

என் தொழிலிலும் இதேதான். புதிதாகச் சேர்ந்தவர், 'இந்த டேபிள்ல இந்த காலமுக்கு இண்டெக்ஸ் போடலாமா அண்ணா?' என்பார். 'இட் டிபெண்ட்ஸ்' என்பேன். முகம் சுருங்கும். இண்டெக்ஸ் போட்டால் தேடல் வேகமாகும், ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்த இண்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் எழுதுவது மெதுவாகும், எது அதிகம் நடக்கிறதோ அதைப் பார்த்துத்தான் முடிவு. இது மழுப்பல் இல்லை, விடையே இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. ஆனால் கேட்பவர் காதில் 'இவருக்குத் தெரியல' என்றோ, 'தெரிஞ்சும் சொல்லமாட்டேங்குறார்' என்றோதான் விழுகிறது. பெர்ரியின் முதல் இரண்டு மாணவர்கள் அப்படியே. 'பெஸ்ட் பிராக்டிஸ் எதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணா' என்று கேட்பவர் மக்கு இல்லை. பதினாறு வருடம் அவரை அப்படிக் கேட்கப் பழக்கியிருக்கிறோம்.

எப்படிப் பழக்கினோம்? நான் எழுதிய செமஸ்டர் தேர்வுகளில் பத்து ரெண்டு மார்க், ஐந்து பதினாறு மார்க். பதினாறு மார்க்குக்கு ஆறு பக்கம், ஒரு படம், அடிக்கோடிட்ட உபதலைப்புகள். கைடில் இருக்கும் வரிசை மாறினால் திருத்துபவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார் என்று சீனியர்கள் எச்சரிப்பார்கள். ஒரு கேள்விக்கு மூன்று கோட்பாடுகள் இருந்தால் மூன்றையும் எழுதிவிடுவோம், தலைக்கு அஞ்சரை மார்க்.

இங்கே பெர்ரியின் புத்தகத்தில் பலரும் தாண்டிப்போகும் ஒரு பகுதி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அவர் ஹார்வர்டின் பழைய தேர்வுத் தாள்களைத் தோண்டி எடுக்கிறார். 1900இலிருந்து 1960 வரை. ஒரே விஷயத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கோணங்களில் வைத்து எடைபோடச் சொல்லும் கேள்விகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறார். அறுபது ஆண்டுகளில் அவற்றின் பங்கு பெரிதாக ஏறியிருக்கிறது. அதாவது, அவருடைய மாணவர்கள் வானத்தைப் பார்த்து வளரவில்லை. தேர்வுத் தாள் அவர்களைப் பிடித்துத் தள்ளியது. பாட்டன் எழுதிய பரீட்சையில் நினைவாற்றல் இருந்தால் பாஸ். பேரன் எழுதிய பரீட்சையில் அது பத்தாது.

இது அவர் கோட்பாட்டுக்குச் சிக்கலும் கூட. வரிசையாக நடப்பது மனித மனத்தின் வளர்ச்சியா, இல்லை ஹார்வர்ட் தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பேச்சுவழக்கா? பெர்ரி வளர்ச்சிதான் என்கிறார். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. ஆனால் பொறியியல் கல்லூரியில் படித்தவனாக எனக்கு இரண்டாவது சாத்தியமே நம்பிக்கை தருகிறது. கற்றுக்கொடுக்கக் கூடியது என்றால் நமக்கும் கற்றுக்கொடுத்திருக்கலாமே.

பெர்ரிக்கு 1963இல் எழுதிய ஒரு கட்டுரையும் உண்டு, தேர்வெழுதும் சாமர்த்தியம் பற்றி. ஹார்வர்டில் ஒரு மாணவர், தான் சேராத ஒரு பாடத்தின் தேர்வில் விளையாட்டாக உட்கார்ந்து, பாடப் புத்தகத்தைப் படிக்காமலே கட்டுரை எழுதி, உண்மையாகப் படித்த நண்பனைவிட அதிக கிரேடு வாங்கிவிட்டார். பெரிய சர்ச்சை. பெர்ரி அதிலிருந்து இரண்டு வகை விடைகளைப் பிரிக்கிறார். ஒன்று, தகவலே இல்லாமல் கோணங்களை மட்டும் வைத்துக் கதையளப்பது. மற்றது, எதற்கென்றே தெரியாமல் தகவலை மட்டும் கொட்டுவது. நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக, முதல்வனிடம் அறிவின் வடிவமாவது இருக்கிறது, இரண்டாமவனிடம் அதுவும் இல்லை என்று வாதாடுகிறார். தகவல் கொட்டும் பிள்ளைக்கு 'பாவம், கஷ்டப்பட்டு படிச்சிருக்கான்' என்று மார்க் போடுவதுதான் ஆசிரியர் செய்யும் துரோகம் என்கிறார். நாம் கதையளப்பதையும் கொட்டுவதையும் ஒன்றாகக் கலந்து ஆறு பக்கம் நிரப்பியவர்கள். எங்கள் வகையை அவர் பார்த்திருந்தால் மூன்றாவது பெயர் ஒன்று தேடியிருப்பார்.

குறைகளுக்கு வருகிறேன். ஹார்வர்ட், 1950கள், பெரும்பாலும் வசதியான வீட்டுப் பையன்கள். புத்தகத்தில் பெண்களின் குரல் கிட்டத்தட்ட இல்லை. 1986இல் மேரி பெலென்கியும் மூன்று தோழிகளும் 135 பெண்களிடம் பேசி 'பெண்கள் அறியும் வழிகள்' என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். கல்லூரி மாணவிகள் மட்டுமில்லை, குழந்தைகளோடு உதவி மையங்களுக்கு வந்த ஏழைத் தாய்களும் அதில் உண்டு. பெர்ரியின் வரிசையில் முதல் படிக்கும் கீழே ஒரு இடம் இருப்பதை அவர்கள் கண்டார்கள்: மௌனம். சரி, தப்பு என்று பிரிப்பதற்குக்கூட ஒரு குரல் வேண்டும். அது தனக்கு இருப்பதாகவே தெரியாத பெண்கள். இன்னொன்றையும் கண்டார்கள். எதிர்வாதம் செய்து அறிவதைப் போல, எதிராளியின் இடத்தில் போய் நின்று அறிவதும் ஒரு முறை. கல்லூரி முதலாவதற்குத்தான் மார்க் போடுகிறது.

நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை, அந்த மாதிரிக் கல்லூரிகள் நிறைய இருந்தன. பையனும் பொண்ணும் காரிடாரில் பேசினால் ஐடி கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். வீட்டுக்கு போன் போகும். பஸ்ஸில் முன்பாதி அவர்கள், பின்பாதி நாங்கள். ஆர்தர் சிக்கரிங் 1969இல் எழுதிய 'கல்வியும் அடையாளமும்' என்ற நூலில், கல்லூரி வயதில் ஒருவர் வளரும் திசைகளாக ஏழைச் சொல்கிறார். உணர்ச்சிகளைக் கையாளுதல், தற்சார்பு, பிறரோடு உறவு கொள்வதில் முதிர்ச்சி என்று போகிறது பட்டியல். எங்கள் கல்லூரி அந்த ஏழையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை உத்தரவு போட்டிருந்தது என்று சொன்னால் மிகை இல்லை. வகுப்பில் நாலு வருடமும் ஒரு வார்த்தை பேசாமல் 'நல்ல பொண்ணு' என்று பெயர் வாங்கிப் போனவர்கள் இருந்தார்கள். பெலென்கி நூலின் மௌனம் அத்தியாயத்தைப் படித்தபோது அந்த முகங்கள் வரிசையாக வந்தன. அவர்களுடைய மௌனத்துக்கு எங்கள் கல்லூரி கொடுத்த பெயர் டிசிப்ளின்.

சரி, கோட்பாடு நம் ஊருக்கு வரவே இல்லையா? வந்தது. பெஞ்சமின் புளூம் 1957இல் ஃபோர்டு அறக்கட்டளை ஏற்பாட்டில் இந்தியாவுக்கே வந்து, தேர்வுச் சீர்திருத்தம் பற்றி ஆசிரியர்களுக்குப் பட்டறைகள் நடத்தினார். அவருடைய பெயரில் வழங்கும் வகைப்பாடு அதற்கு முந்தைய ஆண்டுதான் நூலாக வந்திருந்தது. அதன் பிறப்பும் சுவையானது. பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் சிலர், தாங்கள் தயாரிக்கும் கேள்விகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள ஒரு பொதுச் சட்டகம் வேண்டும் என்று 1948இல் பேசத் தொடங்கியதில் உருவானது அது. கேள்விகளை அடுக்கிவைக்கும் அலமாரி. இன்று எல்லாப் பிபிடியிலும் வரும் அந்த முக்கோணம் அந்த நூலில் கிடையாது, பின்னால் வந்தவர்கள் வரைந்தது.

2014இல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனது. நம் பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் இணையாக ஏற்க வேண்டுமானால் என்.பி.ஏ. அங்கீகாரம் வேண்டும், அதற்கு 'விளைவு சார்ந்த கல்வி' வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு கோர்ஸ் அவுட்கம். பட்டப்படிப்புக்கு அப்போது பன்னிரண்டு புரோகிராம் அவுட்கம். எது எதோடு எவ்வளவு பொருந்துகிறது என்று கட்டம் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என எண் நிரப்ப வேண்டும். தேர்வுத் தாளில் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் கே1, கே2 என்று புளூமின் படிநிலை. அந்த விளைவுகளில் அறம் உண்டு, வாழ்நாள் முழுதும் கற்றல் உண்டு. கொங்குப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர், ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்து, 'மச்சி, ஹீட் டிரான்ஸ்ஃபர் படிச்சா வாழ்நாள் கற்றல் ரெண்டா மூணாடா?' என்று கேட்டார். டீம் வரப்போகிறது, கோர்ஸ் ஃபைல் முடிக்க வேண்டும். மூணு போட்டா ஆதாரம் கேட்பாங்க, ரெண்டு போடு என்றேன்.

இந்தக் கட்டத்தை முழுக்கப் பழிக்க மாட்டேன். சிலபஸ் என்ற பெயரில் தலைப்புகளை மட்டும் அச்சடித்த காலத்தோடு ஒப்பிட்டால், இந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்ய வரும் என்று ஒரு வரியாவது எழுதச் சொல்வது முன்னேற்றம்தான். என் மறுப்பு வேறு இடத்தில். நண்பர் அனுப்பிய ஒரு தாளில் கே5 என்று போட்ட கேள்வி, இரண்டு முறைகளை மதிப்பிட்டு எது உகந்தது என்று கூறுக என்றது. கூடவே விடைக்குறிப்பும் அனுப்பியிருந்தார். 'இரண்டாவது முறையே சிறந்தது' என்பதற்கு இரண்டு மார்க், காரணங்கள் நான்கு, தலைக்கு இரண்டு மார்க், படம் மூன்று மார்க். வகுப்பில் அந்தக் காரணங்கள் நான்கும் டிக்டேட் செய்யப்பட்டவை. மதிப்பிடுதல் என்ற முத்திரைக்குக் கீழே மாணவன் செய்வது நினைவுகூர்தல். பெர்ரியின் முதல் மாணவன் இந்தத் தாளில் சென்டம் எடுப்பான். மூன்றாவது மாணவன், முதல் முறைதான் சிறு ஆலைகளுக்கு உகந்தது என்று எழுதிவிட்டு அரியர் வாங்குவான்.

கோட்பாட்டைக் கல்லூரியில் 'பயன்படுத்துவது' என்றால் படிவத்தில் இன்னொரு காலம் சேர்ப்பது என்று நாம் எடுத்துக்கொண்டோம். பெர்ரி காட்டிய ஹார்வர்ட் தாள்களில் எந்த முத்திரையும் இல்லை. கேள்வி மாறியிருந்தது, திருத்துகிறவர் மாறியிருந்தார். திருத்துகிறவருக்கே விடை முன்கூட்டித் தெரியாத ஒரு கேள்வியாவது தாளில் இருந்தால்தான் மாணவன் முதல் நிலையை விட்டு நகர வேண்டிய அவசியம் வரும். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை சென்ட்ரல் வேல்யுவேஷனில் கட்டுக் கட்டாகத் திருத்தும் ஏற்பாட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்று எனக்கும் தெரியும். அப்படியென்றால் அதை கே5 என்று அழைக்காமலாவது இருக்கலாம்.

பெர்ரியிடம் நான் மிகவும் மதிக்கும் பகுதி, ஒன்பது நிலைகளுக்கு வெளியே இருக்கிறது. எல்லோரும் ஏறிக்கொண்டே போவதில்லை என்கிறார். சிலர் ஒரு படியில் ஒரு வருடம் சும்மா நிற்கிறார்கள். சிலர் 'எல்லாமே சார்புதான்' என்பதைச் சாக்காக வைத்துத் தப்பித்துவிடுகிறார்கள். எதற்கும் பொறுப்பேற்காமல், எதையும் கிண்டல் செய்துகொண்டே. சிலர் பயந்துபோய், பழைய சரி-தப்பு உலகத்துக்கே கோபத்தோடு திரும்புகிறார்கள். எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் இந்த மூன்று வகையும் உண்டு. கடைசி வகைதான் அதிகம் ஃபார்வர்ட் செய்கிறது. மூன்றாம் வருடம் என்னோடு ஹாஸ்டல் மொட்டை மாடியில் விடிய விடிய எல்லாவற்றையும் கேள்வி கேட்டவர்கள் அவர்கள். என்ன ஆயிற்று என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

பெர்ரியின் பதில், வளர்ச்சி என்பது இழப்பும்கூட என்பது. பின்னால் எழுதிய ஒரு கட்டுரையில் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறார். ஒரு புதிய பார்வை கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் மாணவன், தனக்கு எல்லாம் தெளிவாக இருந்த ஒரு உலகத்தை இழந்திருக்கிறான். அந்த உலகத்தில் நம்பியிருந்த பெரியவர்களையும் சேர்த்து. அந்தத் துக்கத்தை யாரும் கேட்காவிட்டால் அவன் அடுத்த அடி வைக்க மாட்டான். ஆலோசகராக அவர் அறையில் உட்கார்ந்து கேட்டது இதைத்தான்.

ஹார்வர்ட் பையனின் துக்கத்துக்கே இவ்வளவு என்றால், முதல் பட்டதாரி சான்றிதழோடு கவுன்சலிங்குக்கு வரும் பிள்ளையின் துக்கத்தை எதில் எழுதுவது? வின்சென்ட் டின்டோ 1975இல், மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்பதற்கு ஒரு மாதிரியை முன்வைத்தார். சமூகத்தோடு ஒட்டாதவர்தான் தற்கொலைக்குப் போகிறார் என்ற துர்க்கைமின் வாதத்தைக் கல்லூரிக்குப் பொருத்திப் பார்த்தது அது. பின்னால் அவரே விரித்து எழுதியதில், பழைய சமூகத்திலிருந்து விலகுவது புதியதில் சேர்வதன் முதல் கட்டம் என்று வருகிறது. 1992இல் வில்லியம் டியர்னி, பூர்வகுடி மாணவர்களை முன்வைத்து இதைக் கடுமையாக மறுத்தார். அவர்களைத் தங்கள் மக்களிடமிருந்து பிய்ந்து வரச் சொல்வதும், வராதவர்களைத் தோற்றவர்களாகக் கணக்கிடுவதும் கோட்பாடு இல்லை, ஆதிக்கம் என்பது அவர் வாதத்தின் சாரம். நான் டியர்னி பக்கம். என்னோடு படித்தவன் ஒருவன், அப்பா நெசவு. இரண்டாம் வருட லீவுக்குப் போய் வந்து, 'அப்பாகிட்ட பேச எதுவுமே இல்லடா. சாப்டியா, எப்போ கிளம்புறன்னு ரெண்டு கேள்வி, அவ்ளோதான்' என்றான். அவனுக்கு ஜி.பி.ஏ. எட்டரை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவன் ஒட்டிக்கொண்டவன்.

பாக்ஸ்டர் மகோல்டா போன்றவர்கள் பின்னால் 'தன்னைத் தானே எழுதிக்கொள்ளுதல்' என்று பெர்ரியின் கடைசி நிலைகளை விரித்துக்கொண்டு போனார்கள். அதில் எனக்கு ஆர்வம் குறைவு. எழுதிக்கொள்ளும் 'தான்' அங்கே ரொம்பத் தனியாக இருக்கிறது. நம் பிள்ளைகள் எழுதிக்கொள்ளும்போது தங்கையின் கல்யாணமும் கல்விக் கடனும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

நண்பரின் கல்லூரியில் இருபது பேருக்கு ஒரு மென்டார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு மாணவரையும் பார்த்து, கவுன்சலிங் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அட்டெண்டன்ஸ் ஏன் குறைவு, இன்டெர்னல் மார்க் ஏன் குறைவு, பெற்றோர் எண் மாறியிருக்கிறதா. பெர்ரியை அவருக்குப் படிக்கக் கொடுத்தேன். முழுசாகப் படிக்க நேரமில்லை, முதல் அத்தியாயமும் அந்தக் கேள்வியும் போதும் என்றார். செமஸ்டர் முடிவில் தன் இருபது பேரிடமும், அட்டெண்டன்ஸ் பேச்சை எடுக்காமல், 'இந்த வருஷத்துல உனக்கு எதுப்பா மறக்காம நிக்குது?' என்று மட்டும் கேட்டுப் பார்த்திருக்கிறார். பதினான்கு பேர் 'ஒண்ணும் இல்ல சார்' என்றார்களாம். நாலு பேர் சிம்போசியம், டூர் என்றார்கள். ஒரு பையன், எதுக்கு சார் கேக்குறீங்க, யாராச்சும் கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா என்று பயந்துவிட்டான்.

கடைசியாக வந்தது எப்போதும் கடைசி பெஞ்சில் இருக்கும் ஒரு பெண். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, லேபில் அவர்கள் குழுவுக்கு வந்த ரீடிங் எல்லாமே புத்தக மதிப்போடு ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகிற மாதிரி மாற்றி எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டோம், ஆனால் எங்கள் ரீடிங் ஏன் அப்படி வந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன் சார் என்றாளாம். இருவரும் லேபுக்குப் போய், பழைய அப்சர்வேஷன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்தத் தெர்மோகப்பிளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த மாதமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கவுன்சலிங் புத்தகத்தில் நண்பர் அன்றைக்கு 'அட்டெண்டன்ஸ் திருப்தி' என்று எழுதினார்.